பெயர் கேட்கக் கூடாத பரிசோதனை

முன்பின் தெரியாதவர்களை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று, திருச்சியில் பொருளாதாரம் படித்தபோது நாங்கள் சோதித்துப் பார்த்தோம். ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரையோரம் ஒரு மண்டபம். வருபவருக்குக் கொஞ்சம் பணம் கொடுப்போம். அதை அவரே வைத்துக்கொள்ளலாம், அடுத்த அறையில் இருக்கும் முகம் தெரியாத ஆளுக்கும் அனுப்பலாம். அனுப்பினால் அது மும்மடங்காகும். அதில் பங்கு திருப்பித் தருவது அந்த ஆளின் இஷ்டம். யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது.

கைக்குழந்தையும் ஒரு சிறுமியுமாக வந்த பெண் எதையும் அனுப்பவில்லை.

"யாரோ எவரோ, எப்படிங்க நம்புறது?"

சொல்லிவிட்டுத் திரும்பியவர் திடுக்கிட்டார். வாசலில் விளையாடிய சிறுமியைக் காணவில்லை. குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் படித்துறைப் பக்கம் ஓடினார்.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சிறுமிக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இவர் திரும்பி வராவிட்டால்? வழியில் போன ஒருவர் நின்று, "யார் குழந்தைம்மா இது?" என்று சந்தேகமாகக் கேட்டார். தாயின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒருவழியாக அந்தப் பெண் சிறுமியை இழுத்துக்கொண்டு வந்தார். பூக்கடையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாளாம். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"என்னை எப்படிங்க நம்பிக் குடுத்தீங்க?"

"நம்பலாமா வேணாமான்னு யோசிக்கவே இல்லைங்க. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க."

யாரையும் நம்பாதவர் என்றுதான் எங்கள் ஆய்வில் அவர் பதிவாகியிருக்கிறார். இன்றும் பஸ்ஸில் யாராவது குழந்தையைப் பிடிக்கச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் கையை நீட்டிவிடுகிறேன்.