தசரா வரை புத்தகம் வேண்டாம் என்று எழுதினேன்

இன்று எங்கள் மைசூர்ப் பெண்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

இங்கிலீஷ் தொடங்கும் வகுப்புக்கு இந்த வருஷத்துப் பாடத்திட்டத்தை எழுதியவள் நான். தசரா விடுமுறை வரை புத்தகம் கிடையாது, பேச்சுப் பயிற்சி மட்டும். பாதிப் பெண்கள் அடுத்த வருஷம் கல்யாணமாகிப் போய்விடுவார்கள். அதற்குள் நாலு வார்த்தை பேசவாவது வரட்டும் என்று நினைத்தேன்.

"இதுல என்னம்மா பிரயோஜனம்?" என்றார்.

என் வகுப்பு ஜானகியைப் பற்றிச் சொன்னேன். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குக் கன்னடமும் தெரியாது, தமிழும் தெரியாது. அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்று போன வாரம் இங்கிலீஷில் சொன்னது இந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்தான்.

"சந்தோஷம். ஆஸ்பத்திரியில பேசினதுக்குப் பரீட்சையில மார்க் உண்டோ?"

என் பாடத்திட்டத்தின் மூன்று பக்கங்களிலும் சிவப்பு மையால் கோடு இழுத்தார். "நாளையிலேர்ந்து முதல் பாடம். எல்லாரும் நெட்டுருப் பண்ணட்டும்."

சரி என்று தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அவர் போனதும் ஜானகி வந்தாள். "டீச்சர், அம்மாவுக்குப் படுத்தா மூச்சு முட்டறது. அதை டாக்டரம்மாகிட்ட எப்படிச் சொல்லணும்?"

சொல்லிக்கொடுத்தேன். பிறகுதான் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பாடம், கப்பலின் உறுப்புகள். என் வகுப்பில் ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை.

பாய்மரத்துக்கு இங்கிலீஷில் பெயர் சொன்னால் மூச்சுமுட்டலுக்கு மருந்து தரும் டாக்டர் யாராவது இருந்தால், தயவுசெய்து விலாசம் எழுதுங்கள்.