ஆறு பாட்டில் தண்ணீர்

எங்கள் நைனா திருத்தணி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. என்னைப் பற்றி யார் விசாரித்தாலும், "பொண்ணு தண்ணி டாக்டருக்குப் படிக்குது" என்பார். தண்ணிக்கு என்ன சீக்கு என்று எதிராளி மேலே கேட்டுவிட்டால், "அதத்தான் கண்டுபுடிக்கப் போவுது" என்று ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போதுதான் அங்கே புழங்கத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் ஒரு நெசவாளர் தெருவைப் பிடித்திருந்தேன். அங்கே நூலுக்குச் சாயம் போட்டு, மிச்சத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டுவார்கள். கொல்லையிலேயே கிணறும் இருக்கும். ஆறு வீடு, ஆறு கிணறு. சாயத்தொட்டிக்குக் கிட்டத்தில் இருக்கும் கிணற்றில் உப்பு அதிகம், எட்ட இருக்கும் கிணற்றில் குறைவு என்று காட்டிவிட்டால் எனக்குப் பட்டம். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சமில்லை.

கிணற்றில் யாரும் வாளி போடுவதற்கு முன்னால், விடியற்காலையில் சேந்துகிற முதல் தண்ணீர்தான் சோதனைக்கு வேண்டும் என்பது விதி. திருத்தணியிலிருந்து முதல் டவுன் பஸ் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும்போது சூரியன் சுள்ளென்று ஏறியிருக்கும். அதனால் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்து, சனிக்கிழமை விடிகாலையில் நிரப்பி வைக்கச் சொல்லி, நான் பின்னாலேயே போய் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரத்துக்குக் காலி பாட்டில் கொடுப்பதாக ஏற்பாடு. ஆறு வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலச வேண்டும். வாயில் விரல் படக்கூடாது. தூசு தும்பு விழக்கூடாது. வழிய வழிய நிரப்பி இறுக்கி மூடி நிழலில் வைக்க வேண்டும்.

"பட்டணத்துல பெரிய புரொபசர்கிட்ட போற தண்ணி. சுத்தம் முக்கியம்" என்று முடித்தேன்.

மூன்றாவது வீட்டு அக்காதான் அவர்களுக்கெல்லாம் தலைவி. நைனாவைவிட இரண்டு மடங்கு அதட்டல் உள்ளவள். "ஆங், நீ கவலப்படாத பாப்பா. எங்க கையில உட்டுட்ட இல்ல, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் வாராவாரம் நான் ஆறு கண்ணாடி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் தோள் இற்றுப்போக அலைந்தேன். மதுவிலக்குக் காலம் வேறு. ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து ஒரு பொம்பளை இறுக்க மூடிய பாட்டில்களோடு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒருநாள் சோதனைக்கு நின்ற போலீஸ்காரர் என்னைப் பஸ்ஸை விட்டு இறக்கி, ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். நம்பிக்கை வராமல் ஒரு மடக்குக் குடித்தும் பார்த்தார். "என்னாமா இது, கல்கண்டாட்டம் கீது தண்ணி. எந்தக் கெணறு?" என்றார். சயின்ஸ் தெரியாத மனுஷன் என்று மனசுக்குள் திட்டிவிட்டு மூடியைப் பிடுங்கி மூடினேன். எனக்கு அங்கேயே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சோதனைக்கூடத்தில் அந்தந்த வாரத்து ஆறு பாட்டிலுக்கும் ஒரே விடை வந்துகொண்டிருந்தது. உப்பு ஒரே அளவு, கடினம் ஒரே அளவு, சாயத்தின் சுவடே இல்லை. எனக்கா, பெருமை பிடிபடவில்லை. என் கை எவ்வளவு சுத்தம், அளவு இம்மி பிசகவில்லை பார் என்று நோட்டில் வரிசை வரிசையாக எழுதி வைத்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு வரி, ஆறு கிணற்றுக்கு ஆறு கட்டம்.

வருஷக் கடைசியில் என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு கிணறும் ஒரே தாய் வயித்துல பொறந்த மாதிரி இருக்கே."

"ஆமா சார்" என்றேன், பல்லைக் காட்டிக்கொண்டு.

"எந்தக் குழாய்ல பிடிச்சே?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே குழாயில் ஆறு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு வந்தேன் என்கிறார். காது சுட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தால் எனக்கு வாய் குழறும், குழறியது. திருட்டுக் கணக்கு எழுதும் மாணவி எனக்கு வேண்டாம், ஒரு மாசம் தருகிறேன், உண்மையைக் கொண்டு வா, இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவேன் என்றார். பட்டம் போனால்கூடப் போகட்டும் என்றிருந்தது. திருடி என்ற பேரோடு நைனா முன்னால் போய் நிற்க என்னால் முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பிப் போய் மூன்றாவது வீட்டில் தங்கினேன். விடிகாலை எழுந்து பார்த்தால் ஆறு வீட்டுப் பெண்களும் தெருமுனையில் நிற்கிறார்கள். இடுப்பில் குடம். அக்காவின் தலையில் ஒரு கூடை. கூடையில் துணி விரித்து, என் ஆறு பாட்டில்களும் கைக்குழந்தைகள் மாதிரி படுத்திருந்தன.

"எங்கக்கா போறீங்க?"

"மாந்தோப்புக்குத்தான். தண்ணிக்கு."

பின்னாலேயே ஓடினேன். வரப்பு, ஓடை, மறுபடி வரப்பு என்று ஒரு மைலுக்குக் குறையாது. ஒரு விவசாயியின் மாந்தோப்பில் பெரிய கிணறு. அதில் சேந்தி, ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று தரம் அலசி, விரல் படாமல், வழிய வழிய நிரப்பி இறுக்கினார்கள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட விடவில்லை. நான் கிணற்று மேட்டிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க உங்க வீட்டுக் கெணத்துத் தண்ணிதானே கேட்டேன்?" என்று கத்தினேன்.

"அந்தத் தண்ணியா? வாயில வைக்க முடியுமா அத? சோறு வெந்தா செவப்பா வேவுது" என்றாள் அக்கா. "வெரல் படக்கூடாது, தூசி வுயக்கூடாதுன்னு நீதானே சொன்ன. பெரியவரு குடிக்கத்தானே இவ்ளோ சுத்தம்? மருந்து கிருந்து சாப்பிடறாரு போலன்னு நெனச்சிகினோம்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் அப்படியே ஒப்பித்தேன். "கதை நல்லா இருக்கு" என்றார். நானே வந்து பார்க்கிறேன் என்று அடுத்த சனிக்கிழமை, என் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தும் விட்டார்.

அக்கா பளபளவென்று தேய்த்த சொம்பில் மாந்தோப்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்து, "சரிம்மா, இப்ப உங்க வீட்டுக் கிணத்துலேர்ந்து ஒரு பாட்டில் குடுங்க" என்றார்.

"அது மட்டும் கேக்காதீங்க. ஊடு தேடி வந்த மனுசனுக்கு அந்தத் தண்ணிய என் கையால தர மாட்டேன்."

நான் கெஞ்சினேன். அவர் விளக்கினார். அவள் அசையவில்லை. கடைசியில் நானே சேந்திக்கொள்கிறேன் என்று அவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பெரிய படிப்பாளிதான், ஆனால் அவர் விட்ட வாளி தண்ணீர்மேல் தெப்பம்போல மிதந்ததே ஒழியக் கவிழவில்லை. கயிற்றை ஆட்டினார், சுண்டினார், சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஒருவழியாக அரை வாளி வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஒரு வருஷத்துக் கோபமும் ஆறிவிட்டது.

"நான்தான் சொன்னேனே" என்று அக்கா மறுபடி சொம்பை நீட்டினாள். "இத சோதிச்சி இன்னா சொல்லுவீங்க?"

"குடிக்கலாமா கூடாதான்னு சொல்லுவோம்."

"அது எங்களுக்கே தெரியுமே. தெரிஞ்சிதானே உங்களுக்கு அனுப்பல."

அவர் சொம்பை வாங்கிக் குடித்து முடித்தார். "உங்களுக்குத் தெரியாதது எதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மாந்தோப்புக் கெணறு எத்தினி வருசம் தாங்கும்? அங்கயும் இப்போ கரும்புக்கு பம்பு செட்டு போட்டு எறைச்சிகினு இருக்காங்க. அதச் சொல்லுங்க."

பேராசிரியர் நடையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். ஒரு வருஷமாக நானும், அன்றைக்கு அவரும் அதை இடமிருந்து வலமாகவே படித்திருந்தோம், இந்தக் கிணற்றுக்கும் அந்தக் கிணற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று. இப்போது அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஆறு கட்டமும் ஒரே கிணறு. வாராவாரம் ஆறு தரம் சரிபார்த்த ஒரே கிணறு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் உப்பு துளித் துளியாக ஏறியிருந்தது. மழைக்காலத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"இதுதான் உன் ஆராய்ச்சி. எழுது" என்றார் மெதுவாக.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். திருடி இல்லை என்றாகிவிட்டது, பட்டமும் வந்துவிட்டது, நைனாவுக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று மனசு குதித்தது. அப்புறம்தான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தக் கெணத்துலயும் உப்பு ஏறிகினு வருதுக்கா" என்றேன்.

அவள் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. காலிச் சொம்பை அவர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"சரி. அதுக்கப்பறம் நாங்க எங்க போறதுன்னு ஐயாவக் கேட்டுச் சொல்லு பாப்பா."

பேராசிரியர் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.