திரும்பி வராத பொறந்தநாள் சாமான்

பென்சி கடையில சாமான் விக்கிறது பெரிய வேலையே இல்லீங்க. வித்த சாமான் போன வீட்டுலயே குடியிருக்கணும்னு சாமியை கும்பிடுறது தான் வேலை.

நான் நின்ன கடை மாத்தளை டவுன்ல, பஸ் ஸ்டேண்டுக்கு கிட்ட. அறுபதுகள்ல நடந்த கதை இது. மூணாம் வகுப்போட பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவில்லாம பிரிஞ்சிட்டோம். அப்புறம் வாயை மூலதனமா வெச்சு சேல்ஸ்மேன் ஆனேன். பொம்மை, பந்து, ரிப்பன், சீப்பு, பூப்போட்ட கண்ணாடி கிளாஸ், எல்லாம் நம்ம கையில தான். பொறந்தநாளுக்கு சாமான் வாங்க வாறவுங்க அத்தனை பேரும் ஒரே பாட்டு தான் பாடுவாங்க. நீங்களும் எங்கயாவது பாடியிருப்பீங்க: "அந்த புள்ளைகிட்ட எல்லாமே இருக்கே, இனி என்னத்த குடுக்குறது?" அந்த பாட்டை கேட்டுக்கிட்டே நான் பட்ட பாட்டை கேளுங்க.

மூணும் ஒரே ஜாடை

உக்குவளைக்கு மேல ஒரு தேயிலை தோட்டம். அங்க பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு ஒரே பொண்ணு, ஸ்டெல்லா பாப்பா. ஒரே பொண்ணுன்னா தெரியுமே, தோட்டத்து ஆப்பிஸ்ல ஐயா தயவு வேணும்னு நெனைக்கிற அத்தனை பேருக்கும் அவ செல்ல மருமக. பொறந்தநாள் வந்தா வெறுங்கையோட போக எவனுக்கு தைரியம்? எல்லாரும் பஸ் ஏறி நேரா நம்ம கடைக்கு தான் வருவாங்க.

ஒரு வருஷம் எங்க மொதலாளி கொழும்புக்கு போயி, படுக்க வெச்சா கண்ணை மூடுற பொம்மை ஒரு பெட்டி அள்ளிக்கிட்டு வந்துட்டாரு. "தள்ளு மனே, தள்ளு"ன்னாரு. மகனேங்கிறது அவரு வாயில மனே தான். பாப்பாவுக்கு சாமான் வாங்க வந்த மூணு பேருக்கு நானும் அதையே தள்ளினேன். பொறந்தநாள் முடிஞ்ச மறுநாள் கிளாக்கர் அம்மா ஒரு பையோட வந்து, மூணு பொம்மையை எடுத்து மேசையில வரிசையா படுக்க வெச்சாங்க. மூணும் ஒரே நேரத்துல கண்ணை மூடுச்சு. நானும் மூடிக்கிட்டேன். பிடிக்காட்டி மாத்தி தருவோம்னு போர்டு எழுதி தொங்கவிட்டது மொதலாளி தான். அதனால சிரிச்சிக்கிட்டே மாத்தி குடுத்தாரு. தோட்டத்து பெரிய ஓடர் எல்லாம் அந்த கிளாக்கர் ஐயா கைகாட்டித்தான் நம்ம கடைக்கு வரும், சிரிக்காம இருக்க முடியுமா? அம்மா படி இறங்குற வரைக்கும் சிரிப்பு இருந்துச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு.

"வாற வருஷம் அந்த வீட்டுல இருந்து ஒரு ஊசி திரும்பி வந்தாலும் பாரு மனே, அதை நான் எடுத்துக்குவேன், ஒன்னைய ஒங்க வீட்டுக்கு திருப்பி அனுப்பிருவேன்!"

கடிபட்ட வாத்து

அடுத்த பொறந்தநாள் வந்துச்சு. அதுக்குள்ள எனக்கு பல்லேபொலயில பொண்ணு பாத்து பேசி முடிச்சிட்டாங்க. டவுன் கடையில நிரந்தர வேலைன்னு சொல்லித்தான் பொண்ணு வீட்டுல சம்மதிச்சாங்க. அந்த நிரந்தரம் எதுல தொங்குதுன்னு அவுங்களுக்கு தெரியாது. ஒரு ஏழு வயசு புள்ளையோட அலுமாரியில தொங்குது!

மொதல்ல வந்தது கண்டக்டர் ஐயா. பஸ் கண்டக்டர் இல்லீங்க, தோட்டத்துல மலைமலையா ஏறி இறங்கி வேலை பாக்குற ஐயா. வந்தவரு தட்டுல இருந்த சாவி குடுக்குற வாத்தை எடுத்தாரு. திருப்பினாரு. வால் பக்கம் சின்னதா பல்லு அடையாளம். "இது நான் போன வருஷம் குடுத்த வாத்து மாதிரி இருக்கே"ன்னாரு. அவரு சொன்னது சரி. நடுவுல ஒருநாள் கிளாக்கர் அம்மா கொண்டு வந்து வாத்தை குடுத்துட்டு சோப்பு டப்பா எடுத்துக்கிட்டு போயிருந்தாங்க.

"ஐயா, பாப்பாவுக்கு அம்புட்டு ஆசை, அதான் கடிச்சு பாத்திருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வாத்தை பின்னுக்கு தள்ளிட்டு, பெரிய பெரிய பலூனா ஒரு கட்டு எடுத்து நீட்டினேன். நான் போட்ட கணக்கு லேசு தான். ஊதினா வெடிக்கும், வெடிச்சா எப்படி திரும்பி வரும்? ஐயா பலூனை வாங்கிக்கிட்டு, நாலு பக்கமும் பாத்துட்டு என் காதுகிட்ட வந்தாரு.

"வாத்தை நான் பாத்தேன்னு அந்த அம்மாகிட்ட மூச்சு விட்றாத தம்பி, அவுங்க என்னைய பாத்து வெக்கப்படுறதை விட, நான் அவுங்கள பாத்து வெக்கப்படுறது தான் என் உத்தியோகத்துக்கு நல்லது."

குதிரை பஸ் ஏறின கதை

அடுத்து, தோட்டத்து தேயிலை பெக்டரியை பாக்குற டீமேக்கரோட சம்சாரம். அவுங்களுக்கு ஒரே நிபந்தனை தான்: சாமான் பெருசா இருக்கணும். உள்ள என்ன இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம், வாசல்ல நுழையும் போதே இது டீமேக்கர் வீட்டு சாமான்னு எல்லாருக்கும் தெரியணுமாம். கண்டக்டர் வீட்டு அம்மா கண்ணுக்கு தெரிஞ்சா போதும்னு நேரா சொல்லாம சுத்தி சுத்தி சொன்னாங்க.

எனக்கு பளிச்சுனு ஒண்ணு தோணுச்சு. வெடிக்கிற சாமான் திரும்பி வராது சரி, தூக்க முடியாத சாமானும் வராதே! பின்னால மூலையில ஒரு மரக்குதிரை கிடந்துச்சு. முன்னும் பின்னும் ஆடும். அதை தூக்கி வெக்கிறதுக்குள்ள என் இடுப்பும் கூட சேந்து ஆடிருச்சு. பாப்பாகிட்ட ஏற்கனவே சின்ன குதிரை ஒண்ணு இருக்கேன்னு அந்த அம்மா இழுத்தாங்க. "சின்னதுக்கு இது அப்பா குதிரைங்கம்மா"ன்னேன். முடிஞ்சுது யாவாரம். நானே தோள்ல தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டேண்டுக்கு போனேன். டவுனே வேடிக்கை பாத்துச்சு. மேல கட்டுங்கன்னா, மேல பூரா வாழைக்குலை. உள்ள ஏத்துங்கன்னா, பஸ் கண்டக்டர் வாசப்படியில கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அவரு சிங்கள ஆளு, ஆனா தமிழ்ல நம்மளையே வித்துருவாரு. குதிரையை தலையில இருந்து வால் வரைக்கும் பாத்தாரு.

"நின்னுக்கிட்டு வந்தா சும்மா கூட்டிட்டு போறேன் அண்ணே, சீட்டுல உக்காந்தா குதிரைக்கும் டிக்கெட் எடுக்கணும்."

இருக்கு, இருக்கு, இருக்கு

இப்படி ரெண்டு பேரை கரையேத்திட்டு மூச்சு விடுறேன், பாப்பாவே கடைக்கு வந்துட்டா. அவ அம்மா ரிப்பன் வாங்க வந்தாங்க, கூட கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. மொதலாளி சும்மா இருப்பாரா? "பாப்பாக்கு என்ன வேணும்னு கேளு மனே"ன்னாரு. நான் ஒவ்வொண்ணா எடுத்து காட்டுறேன். சமையல் சாமான்? "இருக்கு." ஊதுற குழல்? "இருக்கு." கரடி? "ரெண்டு இருக்கு." மேள குரங்கு? "இருக்கு, அது கை ஒடிஞ்சு போச்சு." ஆசைப்பட்டு சொல்லுற மாதிரியே இல்லீங்க. ஆஸ்பத்திரியில மருந்து குடிச்சாச்சான்னு கேட்டா சொல்லுவாங்களே, அந்த மாதிரி சொல்லுது. எனக்கே பாவமா போச்சு. பாவம் பாத்தா கல்யாணம் நின்னு போயிரும்னு மனசை கல்லாக்கிக்கிட்டேன்.

"இம்புட்டு சாமானையும் வெச்சு யார் கூட பாப்பா விளையாடுவீங்க?"ன்னு சும்மா கேட்டு வெச்சேன். "அலுமாரியில இருக்கு. கேட்டா அம்மா எடுத்து காட்டுவாங்க"ன்னுச்சு. அப்போ தான் மேல தொங்குன கூடையை எடுக்க நான் கொக்கி தடியை நீட்டினேன். கூடை சறுக்கி, கூட தொங்குன ஆறேழு பந்தும் பொத்து பொத்துனு என் தலையில விழுந்து தரையெல்லாம் ஓடுச்சு. அது வரைக்கும் வாயை இறுக்கிக்கிட்டு நின்ன புள்ளை கெக்கெக்கேன்னு சிரிச்சு, பந்து பின்னாலயே ஓடி, மேசைக்கு கீழ நுழைஞ்சு, பாவாடையெல்லாம் தூசியா வெளிய வந்துச்சு. அவ அம்மா தலையில கை வெச்சாங்க. புள்ளை அந்த பந்து ஒண்ணையும் கேக்கல. என் கையில இருந்த தடியை காட்டுச்சு.

"மாமா, இது தான் எங்க வீட்டுல இல்ல, இதை தாங்க!"

பஸ்ஸு ஹோர்ன் அடிக்குது

பொறந்தநாள் அன்னைக்கு மத்தியானம் கணக்கப்புள்ள ஓடியாந்தாரு. கொழுந்து எடுக்குற ஆளுகளை மேய்க்கிற மனுசன், நல்லவரு, பயந்த சுபாவம். போன வருஷம் திரும்பி வந்த மூணு பொம்மையில ஒண்ணு அவரோடது. "அன்னைக்கு அம்மா எல்லாருக்கும் முன்னால, 'ஐயோ, இதுவும் அதே தானா'ன்னு கேட்டுட்டாங்க தம்பி. எனக்கு கேக்கு தொண்டையில இறங்கல"ன்னாரு. தோட்டத்து பக்கம் போற பஸ்ஸு புறப்பட நிக்குது. ஹோர்ன் அடிக்கிறான். மொதலாளி தொழுதுட்டு வந்து உக்காந்து என் கையவே பாத்துக்கிட்டிருக்காரு.

நான் சுவரை பாக்குறேன். அந்த சுவர்ல தொங்குற அத்தனையும் பாப்பா "இருக்கு"ன்னு சொன்ன சாமான். தட்டை பாக்குறேன், வாத்து என்னைய பாக்குது. ஹோர்ன் திரும்பவும் அடிக்கிறான். கை தன்னால மேல் தட்டுக்கு போயி ஒரு பெரிய போத்தலை இறக்கிருச்சு. கண்ணாடி குண்டு! சம்பள நாள்ல லயத்து பயலுக, அதான் தோட்டத்து தொழிலாளிங்க வரிசை வீட்டு பயலுக, வந்து வாங்குவானுகளே, குழி தோண்டி அடிச்சு விளையாடுறதுக்கு, அது தான். ஒரு துணிப்பையில முக்கால் போத்தலை கவுத்து, வாயை ரிப்பனால கட்டி குடுத்துட்டேன். "பொம்பள புள்ளைக்கு குண்டா தம்பி?"ன்னு கேட்டாரு. "கலர் கலரா இருக்குங்க அண்ணே, ஓடுங்க, பஸ்ஸு போகுது!"ன்னு முதுகுல கை வெச்சு தள்ளினேன். அவரு ஓடி பஸ்ஸுல தொத்தின அப்புறம் தான் எனக்கு வேர்த்துச்சு. பலூனு வெடிக்கும், குதிரையை தூக்க முடியாது. குண்டு வெடிக்கவும் வெடிக்காது, தேயவும் தேயாது, பையோட அப்படியே திரும்பி வருமே! ஜன்னல்ல தலையை நீட்டி கணக்கப்புள்ளயும் அதையே தான் கத்துறாரு.

"தம்பி, இது மட்டும் திரும்பி வந்துச்சு, அப்புறம் நானும் உங்க கடையில தான் வேலைக்கு வரணும்!"

பையோட வந்தாங்க

மறுநாள் காலையில கடை வாசல்ல கார் நின்னுச்சு. கிளாக்கர் அம்மா இறங்குறாங்க, கையில பை. பின்னால பாப்பா. மொதலாளி எழும்பி உள்ள போயி, ஆணியில மாட்டியிருந்த என் குடையை எடுத்துக்கிட்டு வந்து எனக்கு முன்னால மேசையில வெச்சிட்டு, அவரோட நாற்காலியில உக்காந்துட்டாரு. பல்லேபொல பொண்ணு முகம் கண்ணு முன்னால ஒருதரம் வந்துட்டு போச்சு.

"கணக்கப்புள்ளகிட்ட குண்டு குடுத்து விட்டது யாரு?"ன்னாங்க அம்மா. குரல் ஒரு மாதிரி. மொதலாளி விரலை நேரா என் பக்கம் நீட்டினாரு. அம்மா ஆரம்பிச்சாங்க. பலூனெல்லாம் கேக்கு வெட்டுறதுக்கு முந்தியே வெடிச்சு முடிஞ்சுதாம். குதிரை மேல நேத்தே துணி காயப்போட்டாச்சாம். பாப்பா மத்த சாமானை பிரிச்சு பாத்துட்டு, அவளே கொண்டு போயி அலுமாரியில வெச்சாளாம். குண்டு பையை மட்டும் வெக்கல. பின் வாசல்ல கேக்கு வாங்க வந்து நின்ன லயத்து புள்ளைங்க அதை பாத்துட்டாங்க. அப்புறம் புள்ளையை காணோம். தேடினா சமையல் குசினிக்கு பின்னால குழி தோண்டி, புது கவுணோட மண்ணுல முட்டி போட்டு, மாரின்னு ஒருத்தன் கூட கத்திக்கிட்டு கிடக்கு. ஒரு நேரம் சண்டையாம், மறு நேரம் கட்டி புடிச்சிக்குதாம். இருட்டுற வரைக்கும் ஒருத்தராலயும் உள்ள கூட்டிட்டு வர முடியல.

நான் பாப்பாவை பாத்தேன். முட்டியில சிராய்ப்பு, நகத்துல மண்ணு. ஊருல உள்ள எல்லா புள்ளை மாதிரியும் இருந்துச்சு. மொதலாளி முகத்துல சிரிப்பை மாட்டிக்கிட்டு, "குறை நெனைக்காதீங்கம்மா, பொம்பள புள்ளைக்கு குடுக்குற சாமானா அது? பையை தாங்க, இப்பவே மாத்தி தாறேன்"னு கையை நீட்டினாரு. அம்மா பையை குடுத்தாங்க. மொதலாளி கையை உள்ள விட்டாரு, துழாவினாரு, கவுத்தும் பாத்தாரு. வெறும் பை!

"மாத்துறதுக்கு என்ன இருக்கு மொதலாளி, அம்புட்டையும் அந்த மாரிகிட்ட ஒண்ணு விடாம தோத்துட்டு வந்து நிக்கிறா; ராத்திரியெல்லாம் ஒரே அழுகை, இன்னைக்கு திருப்பி ஜெயிக்கணுமாம், இன்னொரு போத்தல் இருந்தா அதையும் இந்த பையிலயே கொட்டுங்க!"

குடையை மொதலாளியே கொண்டு போயி ஆணியில மாட்டினாரு, எனக்கும் பல்லேபொலயில கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு, அதனால பொறந்தநாள் வீட்டுக்கு போக பயந்து நடுங்குற என் சொந்தங்களே, எல்லாம் இருக்குற புள்ளைக்கு என்ன குடுக்குறதுன்னு தவிச்சா, பக்கத்து வீட்டு புள்ளைங்க பொழுது சாயுறதுக்குள்ள அடிச்சு புடுங்கிக்கிட்டு போற மாதிரி ஒரு சாமானா பாத்து குடுங்க.