கைலியை மோந்த நாய் என்னிடமே வந்தது

போன வருடம் ஜூன் மாதம், மெல்போர்னில் நாங்கள் இருக்கும் பொயிண்ட் குக் என்ற புறநகரில் நடந்தது இது. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமை மதியம் காபி குடித்துவிட்டுச் சும்மா நடக்கப் போனவர் திரும்பவில்லை. போன் சார்ஜரிலேயே கிடந்தது. சர்க்கரை நோய் வேறு. காரில் தெருத் தெருவாகச் சுற்றினேன், போலீசுக்கும் சொன்னேன். ஜூன் என்றால் இங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு குரோவேஷியாக்காரர். அவரிடம் அவர் ஊர்ப்பக்கத்து வேட்டை நாய் ஒன்று உண்டு. இஸ்ட்ரியா என்ற பகுதியில் முயல் வேட்டைக்கு வளர்ப்பார்களாம். வெள்ளை உடம்பு, காதில் ஆரஞ்சுத் திட்டு. வாசனை கிடைத்துவிட்டால் தரையை விட்டு மூக்கை எடுக்காது. அது போடும் சத்தத்துக்கு எங்கள் தெருவில் அதன் பெயரே பாடகர்தான். அவருடைய பேத்தி ஒளிந்துகொள்ள, இது மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பது அவர்கள் வீட்டு விளையாட்டு. விஷயம் தெரிந்ததும் நாயோடு வந்துவிட்டார். அப்பா உடுத்திய துணி ஏதாவது கொடு என்றார்.

குளியலறைக் கதவில் தொங்கிய அப்பாவின் கைலியைக் கொடுத்தேன். நாய் மோந்தது, வீட்டைச் சுற்றி ஓடியது, கொல்லைப்பக்கம் போனது, நேரே வந்து என் மார்பில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு தெருவே அதிரக் குரைத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை.

"காலையில அதை நீங்கதானே கட்டியிருந்தீங்க?" என்றாள் மனைவி.

சரி, செருப்பு? குப்பை போட எல்லோரும் மாட்டிக்கொண்டு போவது. ஸ்வெட்டர் என்னுடையது. தலையணையில் என் மகனும் படுப்பான். ஒவ்வொன்றாக எடுத்துவந்து திருப்பி வைத்தோம். அந்த மனிதர் குழம்பிப்போய், "உன் அப்பாவுக்கென்று இந்த வீட்டில் எதுவுமே இல்லையா?" என்றார். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். எங்கள் வீடுகள் இப்படித்தான் என்று அவருக்கு எப்படி விளக்குவது?

"ஏங்க, மங்கி குல்லா! அதை மாமாவைத் தவிர யார் போடுவா?" என்று மனைவி கத்தினாள். இந்தக் குளிரில் அதையும் போடாமல் போயிருக்கிறார்.

குல்லாவை மோந்த நாய் நான் காரில் தேடிய பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் இழுத்தது. ரவுண்டானாவில் தடுமாறிச் சுற்றியது. பிறகு ஒரு தெருவில் புகுந்து, ஒரு வீட்டு முன்னால் நின்று குரல் கொடுத்தது. எங்கள் வீட்டுக்கே சுற்றி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். அதே சாம்பல் நிற கராஜ் கதவு, அதே செங்கல், அதே படி. படியில் அப்பா.

"எங்கடா போனீங்க எல்லாரும்? பெல் அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோச்சு!"

இது நம் வீடு இல்லை என்றால் நம்ப மறுக்கிறார். வீட்டு எண்ணைக் காட்டிய பிறகுதான் எழுந்தார். கை சில்லிட்டிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "காரைக் காணோம், கதவும் திறக்கல. புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்டா."

நான் அவரைக் காணாமல் தவித்த நேரம் முழுக்க அவரும் அந்தப் படியில் எங்களுக்காகத் தவித்திருக்கிறார்; அன்றைக்குத் தொலைந்தது யார் என்று கேட்டால் எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.