பேதுருவுக்கு முகம் கொடுத்தவன்

நேப்பிள்ஸ் மீன்சந்தையில் அனியெல்லோவைப் போல வாய்ச்சவடால்காரன் கிடையாது. நேற்றைய மீனை இன்றைக்குத் துள்ள வைத்து விற்றுவிடுவான். ஆனால் யாராவது "கொக்கரக்கோ" என்று கூவிவிட்டால் போதும், வாய் கப்சிப்.

காரணம் ஊருக்கே தெரியும். பழத்துக்குப் போட்ட வரியை எதிர்த்து ஊர் கலகம் செய்தபோது, ஊரை ஆண்ட ஸ்பெயினின் சிப்பாய்கள் அவனுடைய படகுக் கூட்டாளி டிட்டாவைப் பிடித்துக் கட்டி, "இவன் உன் ஆளா?" என்று கேட்டார்கள். "யாருன்னே தெரியாதுங்க" என்றான். பதினைந்து வருடம் ஒரே படகில் சேர்ந்து துடுப்புப் போட்டவன்! டிட்டாவைப் போர்க்கப்பலில் சங்கிலி மாட்டித் துடுப்பு வலிக்க அனுப்பினார்கள். இரண்டாம் வருடம் செத்துப்போனான். அவன் மனைவி கார்மோசினா அன்று முதல் அனியெல்லோ முகத்தில் விழிப்பதில்லை.

இந்த லட்சணத்தில்தான், மீனவர் கோயிலுக்குப் பேதுருவை வரைய வந்த ஓவியர் சந்தையெல்லாம் சுற்றிவிட்டு அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டார். சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று சாதித்துவிட்டு, பிறகு மனம் கசந்து அழும் பேதுரு.

"அழுகை வரலன்னா வெங்காயம் இருக்கு, பெரியவரே."

"வேணாங்கய்யா."

ஒன்பது நாள் அழுதான், பாவி மனுஷன். வெங்காயம் உரிபடவே இல்லை.

பேதுரு திருநாளன்று படத்தைப் பீடத்தில் ஏற்றினார்கள். "இனி இவனுக்கா மெழுகுவத்தி ஏத்தணும்? கொக்கரக்கோ!" என்று ஒருவன் கூவ, கோயிலே சிரித்தது. கார்மோசினா சிரிக்கவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தூணோரம் ஒடுங்கி நின்றவனிடம் வந்தாள். ஏழு வருடத்தில் முதல் பேச்சு.

"எம் புருஷனத் தெரியாதுன்னு எங்க வச்சு சொன்ன?"

"சந்தை முக்குல... எல்லார் முன்னாடியும்."

"அப்ப படத்துல அழுது என்ன? அங்க போய் அழு."

மறுநாள் காலை, கூட்டம் நெரியும் நேரத்தில், அதே முக்கில் கூடையை இறக்கினான். இரண்டு சிப்பாய்கள் காவலுக்கு நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கக் கத்தினான்.

"டிட்டா என் கூட்டாளி! ஒரே படகு, ஒரே தட்டு. அவன எனக்குத் தெரியும்! தெரியாதுன்னு சொன்ன இந்த வாய் அழுகிப்போவட்டும்!"

சிப்பாய்கள் திரும்பி முறைத்தார்கள். அவன் நகரவில்லை. சந்தையில் ஒரு சேவலும் கூவவில்லை.

கார்மோசினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கூடைமுன் குந்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனைக் கிளறினாள்.

"நெத்திலி இன்னைக்குப் புடிச்சதாண்ணே?"

"இல்லம்மா," என்றான் அனியெல்லோ. "நேத்துப் புடிச்சது."