அஷ்டமியில் கொடுக்காத டி.சி.

என் பேத்தி பி.காம் படிக்க ஆசைப்பட்டாள். விழுப்புரம் அரசு கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். முதல் கவுன்சிலிங்கில் சீட் கிடைக்கவில்லை. இரண்டாவது பத்து நாள் கழித்து என்றார்கள். அந்த நாட்களில் அவள் சோற்றைப் பார்த்ததைவிடப் போனைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வந்தான். போன வருஷம் வரை எங்கள் பக்கம் வீட்டு மனை விற்றவன். இப்போது காலேஜ் சீட் விற்கிறான். சரக்குதான் மாறியதே தவிரப் பேச்சு மாறவில்லை.

"ஹைவேஸ் மேலயே இருக்குது பாட்டிம்மா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பத்தே நிமிஷம். சாதா காலேஜ் இல்ல, பிசினஸ் ஸ்கூல்."

"பன்னெண்டாவது முடிச்சி இப்பத்தான் ஸ்கூல வுட்டு வந்தா. மறுபடியும் ஸ்கூலாப்பா?" என்றேன்.

அவன் சிரித்தான். பேத்தி முறைத்தாள்.

மகனும் மருமகளும் வானூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் பேத்திக்குத் துணையாக நான்தான் அவன் வேனில் ஏறினேன். மூன்றாவதோடு நின்றவள் நான். காலேஜ் தேர்ந்தெடுக்கச் சரியான ஆள்!

கண்ணாடிக் கதவு, ஏசி. மல்லிகை வாசனை என்று எதையோ அடித்து வைத்திருந்தார்கள். எனக்குத் தலைவலி வந்தது. வைகாசி வெயிலில் கோட்டுப் போட்ட ஒரு மேடம், கார்ப்பரேட், எக்ஸ்போஷர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் தலையாட்டினேன். எனக்குப் புரிகிறது என்று நினைத்து இன்னும் பேசினாள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. உட்கார்ந்த இடத்தில் ரொம்ப நேரம் இருக்க முடியாது. பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். ஸ்டாஃப் பாத்ரூம் பூட்டியிருக்கிறது, பெண் பிள்ளைகளுடையது பின்னால் இருக்கிறது என்றாள்.

போய்ப் பார்த்தேன். மூன்று கதவுகள். ஒன்றுக்குள் உடைந்த நாற்காலிகளை அடைத்திருந்தார்கள். ஒன்றில் தண்ணீர் இல்லை. மிச்சமிருந்த ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பரீட்சை எழுத வந்த பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள்.

"டெய்லி இந்தக் கூத்துதானா?" என்று கேட்டேன்.

"காலையில வூட்லேர்ந்து கெளம்புனா, திரும்பிப் போற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டோம் ஆயா."

காலமெல்லாம் மாட்டுக் கொட்டகை கூட்டினவள் நான். அந்தக் கொட்டகைகூட இதைவிடச் சுத்தமாக இருக்கும். முன்பக்கம் மல்லிகை அடிக்கத் தெரிந்தவனுக்குப் பின்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியவில்லையே!

திரும்பி வந்தால், பேத்தியின் டி.சி. மேடத்தின் மேஜைமேல் இருந்தது. அந்த ஒரிஜினலை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால், நாளைக்கு அரசு கல்லூரியே கூப்பிட்டாலும் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியதுதான்.

"எங்கியுமே சீட்டு கெடைக்கலன்னா என்னா ஆயா பண்றது?" என்று பேத்தி என் காதோடு சொன்னாள்.

சண்டை போட்டால் விடமாட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அய்யய்யோ, தாயே! இன்னிக்கு அஷ்டமியாச்சே! மொதல் மொதல்ல குடுக்கற காயிதத்த அஷ்டமியிலயா குடுக்கறது?"

சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் தேதிதான் உண்டு, திதி கிடையாது.

"அதெல்லாம் யாரும் பாக்கறதில்ல பாட்டி," என்றாள் மேடம்.

புரோக்கருக்கு முகம் மாறிவிட்டது. மனை விற்ற காலத்தில் அஷ்டமியன்று கிரயம் வைத்து யார் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானோ.

"மேடம், அஷ்டமின்னா வேணாம். அப்பறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா என் தலையிலதான் விடியும்," என்றான்.

"திருவக்கரை அம்மன் காலாண்ட வச்சி எடுத்தாந்து, தசமியன்னிக்கி ஜல்தியா குடுத்துடறேன்மா," என்றேன். அதற்குள் டி.சி. என் பைக்குள் போயிருந்தது.

வேனுக்குக் காத்திராமல் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம்.

"ஆயா, நெஜமாவே இன்னிக்கு அஷ்டமியா?"

"யாருக்குடி தெரியும்?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்தப் பாத்ரூம நீயும் போய்ப் பாத்துட்டு வந்து கோச்சிக்கோ," என்றேன். அப்புறம்தான் சிரித்தாள்.

இரண்டாவது கவுன்சிலிங்கில் அரசு கல்லூரியில் மதிய ஷிப்டில் இடம் கிடைத்தது. பி.காம்தான்.

அதே வாரம் அந்த வேன் எதிர்வீட்டு வாசலில் நின்றது. அந்த வீட்டுப் பெண் என் பேத்தியோடு ஒரே வகுப்பில் படித்தவள். நான் ஓடிப்போய் அவள் அம்மாவிடம் பாத்ரூம், டி.சி. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒம் பேத்திக்கு சீட்டு கெடச்சிடுச்சி, நீ பேசுவ பெரிம்மா. எம் பொண்ணுக்கு வேற எவன் குடுக்கறான்?" என்றாள்.

அந்தப் பெண் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேனில் ஏறி, எனக்குக் கை காட்டினாள். நானும் சிரித்தபடி கை காட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.