படுக்கிற பக்கம்

கோல்ஃப் மட்டையின் ஷாஃப்ட்டுக்கு ஒரு பக்கம் விறைப்பு, ஒரு பக்கம் இளக்கம் என்பார்கள். வெறும் இரும்புக் குழாய்தான். பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேரிங் வைத்த ஒரு சட்டத்தில் அதை விட்டு, நுனியை அழுத்தி வளைத்தால் தானாக உருண்டு ஓரிடத்தில் நிற்கும். கோல்ஃப் மைதானத்தில் மட்டை பழுது பார்க்கிற எங்கள் ஷெட்டில் அதற்குப் ‘படுக்கிற பக்கம்’ என்று பேர். அங்கே வெள்ளைக் கோடு போட்டு, பந்து போகிற திசையைக் கோடு பார்க்கிற மாதிரி மட்டையின் தலையை ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் பந்து நேராகப் போகுமாம்.

போகுமா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். நான் ஆடியவள் இல்லை. எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலித்துக்கொண்டிருந்தேன். அது மூடியபிறகு இங்கே வந்தேன். பிடி மாற்றுவதும் தலை ஒட்டுவதும் வந்த இடத்தில் பழகினது.

என் வீட்டுக்காரர் அதே மைதானத்தில் கேடி. ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமும் நடக்கிற வேலை. வலது முட்டி தேய்ந்துவிட்டது. கடைசி மேட்டில் பையை இறக்கிவைத்து ஷூ லேஸ் கட்டுவார். லேஸ் அவிழ்ந்திருக்காது.

கோயமுத்தூரில் புதிதாக ஒரு பயிற்சி இடம் திறந்தார்கள். பந்தடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். நின்ற இடத்தில் வேலை. மேடு கிடையாது. கேடிகளில் இரண்டு பேர் நன்றாக ஆடுவார்கள். ஒருவர் இவர். இன்னொருவர் இவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்; காந்தல் பக்கம் வீடு என்பதால் காந்தல்காரர் என்போம். ஒரு காலை இரண்டு பேரும் ஆட வேண்டும், குறைந்த அடியில் முடிக்கிறவருக்கு வேலை என்று பேசி முடித்தார்கள். இது போனால் இன்னொரு வருஷம் அந்த முட்டி தாங்காது. எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

இவர் பை தூக்குகிற ஒரு டாக்டர் புது மட்டை வாங்கியிருந்தார். எல்லாம் கோடு பார்த்து ஒட்டினது என்று சொன்னாராம். அன்றிலிருந்து இவருக்கு வேறு நினைப்பே இல்லை. இவருடையது யாரோ கழித்துவிட்ட பழைய மட்டைகள். பந்து அப்பப்ப இடப்பக்கம் இழுக்கும். அதற்குக் காரணம் கோடு இல்லாததுதான் என்று பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் கழற்றி ஒட்டிக்கொடு என்றார்.

என்னோடு ஷெட்டில் இருக்கும் அண்ணன் சிரித்தார். “இரும்புக் குழாய்க்கு ஜாதகமா பாக்கறீங்க மாப்ள? கைய ஒழுங்கா வெச்சு அடிங்க, போகும்.”

இவர் சிரிக்கவில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் எனக்குக் கை ஒழிந்தது. இந்தக் குளிரில் பசை இறுக நேரமாகும், இப்ப வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தபிறகு வேலையை எடுத்தேன். ஒவ்வொன்றாகச் சூடு காட்டித் தலையைக் கழற்றினேன். பேரிங்கில் விட்டேன். கோடு போட்டேன். ஒட்டினேன். சிலது பட்டென்று படுத்தது. சிலது விட்ட இடத்திலேயே நின்றது. அதற்கும் ஒரு கோடு போட்டேன். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்பார்.

சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, காலை வரைக்கும் தொடாதீர்கள் என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பினேன். இவர் பின்னால் வருகிறேன் என்றார்.

காலையில் மைதானத்தில் பையிலிருந்து ஒரு மட்டையை உருவினேன். பிடியில் புகை வாசம்.

கேடிகள் உட்காரும் ஷெட்டில் மழைக்காலம் பூராவும் கற்பூர விறகு, அதாவது தைல மரம், எரியும். ஷூ, சாக்ஸ், ஜெர்கின், எது நனைந்தாலும் அந்த நெருப்பைச் சுற்றித்தான் காயும். ஒரு பக்கம் காய்ந்தால் மறுபக்கம் திருப்பி வைப்பார்கள். எங்கள் ஊரில் அது கை தானாகச் செய்கிற வேலை. இவரும் பசை சீக்கிரம் காயட்டும் என்று மட்டைகளை அங்கே கொண்டுபோய்ச் சாய்த்திருக்கிறார். ஷூவைத் திருப்புகிற மாதிரி திருப்பியும் விட்டிருக்கிறார். இறுகாத பசை சூட்டில் இளகியிருக்கிறது. தலை தரையில் கிடக்க, குழாய் மட்டும் சுற்றியிருக்கிறது. ஒன்றில் கோடு பின்னால் இருந்தது. ஒன்றில் உள்பக்கம். எதுவும் நான் வைத்த இடத்தில் இல்லை. பிடி உருண்டையாக இருப்பதால் பிடிக்கிற கைக்குத் தெரியாது.

கோடு போனால் போகட்டும். என் பயம் வேறு. இளகின பசை உள்ளே மறுபடி பிடித்ததா? வீசுகிற வேகத்தில் தலை கழன்று பறந்தால் ஒரு ஆளைச் சாய்த்துவிடும். ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

முட்டி கடைசிவரை நிற்க வேண்டும் என்று பையை நான் தூக்கினேன். காந்தல்காரர் அதைப் பார்த்தார். “பாத்துக்கப்பா, அக்கா உன்ன விட நல்லா தூக்குது. நாளைக்கு உன் வேலையும் போச்சு” என்றார்.

இவர் அடிக்கும்போதெல்லாம் நான் பந்தைப் பார்க்கவில்லை. காதை மட்டும் வைத்திருந்தேன். பசை விட்டால் ‘டிக்’ என்று கேட்கும். கேட்கவில்லை. பந்து நேராகப் போனது. அடுத்ததும் நேராகப் போனது. இவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கோடு வேலை செய்கிறது என்று நினைத்தார்.

பாதி ஆட்டத்தில் ஒரு பந்து இடப்பக்கம் மஞ்சப்பூ முள்புதருக்குள் போய் விழுந்தது. இவர் மட்டையைத் திருப்பிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“புள்ள, கோடு பின்னால இருக்குது.”

“எல்லாத்துலயும் அப்படித்தாங்க. நெருப்புல வெச்சீங்கல்ல, சுத்திக்கிச்சு.”

“எப்பத் தெரியும்?”

“காலைல.”

“அப்புறம் இத்தன நேரம் எப்பிடி நேராப் போச்சு?”

“தெரியலைங்க.”

மஞ்சு மூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. காந்தல்காரர் அந்தப் பக்கம் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “தல நிக்குமா?” என்று மட்டும் கேட்டார். இதுவரைக்கும் நிற்கிறது என்றேன்.

முள்ளிலிருந்து எடுத்ததில் ஒரு அடி வீணானது. அதற்குப்பிறகு கோட்டைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். கடைசிக்கு முந்தின குழியில் இரண்டு பேரும் சமம். அங்கே இவர் ஏழாம் நம்பர் மட்டையில் அடித்தார். நல்ல அடி. ஆனால் எனக்கு ‘டிக்’ கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் குழியும் சமமாகவே முடிந்தது.

கடைசிக் குழியில் காந்தல்காரர் பந்து கொடி இருக்கும் புல்வெளியில் ஏறிவிட்டது. இவர் கையை நீட்டினார். “ஏழு குடு.”

“ஏழு வேண்டாங்க. தல ஆடுது.”

“ஆறுன்னா கொடியத் தாண்டிப் போயிரும் புள்ள.”

“கீழ எறக்கிப் புடிங்க, தூரம் கொறையும்.”

அவர் ஆட்டத்தில் நான் வாய் திறந்தது அன்றைக்குத்தான். ஆறாம் நம்பரை வாங்கிப் பிடியைக் கீழே இறக்கிப் பிடித்தார். அரை வீச்சு வீசினார். பந்து தாழப் போய், புல்லில் ஓடி, கொடிக்குப் பக்கத்தில் நின்றது. காந்தல்காரருக்குப் பந்தைக் குழிக்குள் போட மூன்று தட்டு ஆனது. இவர் இரண்டில் முடித்தார், ஒரு அடி குறைவு.

கோயமுத்தூர் ஆள் வந்து கை கொடுத்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். காந்தல்காரர் இவர் தோளில் ஒன்று போட்டுவிட்டுக் கீழே போனார்.

இவர் பையிலிருந்து ஏழாம் நம்பரை எடுத்தார். தலையைப் பிடித்து முறுக்கினார். கையோடு வந்துவிட்டது. உள்ளே பசை பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஜெர்கின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு பையைத் தூக்கக் குனிந்தார். நான் கொடுக்கவில்லை.

“உடு புள்ள, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்” என்றேன்.

இரண்டு பேரும் மேடு ஏறினோம்.